நான் பாத்துக்கறேன்

மேல்மாடியின் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகம் எங்களை மறுபடியும் பழைய தளத்துக்கே இறக்கிவிட்டது. மூட்டை முடிச்சோடு நாங்கள் கீழே வந்த அன்று நல்ல மழை. மழை என்பதே நனைந்து வந்தவர்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தத் தளத்துக்கு ஜன்னல் கிடையாது. நாள் முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம், ஒரே குளிர், கூரைக்குள் ஓடும் ஏசிக் குழாயின் ஒரே இரைச்சல். காலை எது, சாயங்காலம் எது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அப்படிக் கட்டினார்களோ என்னவோ.

வெகுநாள் பூட்டிக் கிடந்த இடம். கதவைத் திறந்ததும் தூசி நெடி முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால், மெல்லிசாக, தலைவலித் தைலத்தின் வாடை.

அந்தத் தைலம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எங்கேயாவது மக்கர் செய்தால் புகார் எங்களுக்கு வரும். யார் திரையில் வந்து விழுகிறதோ அவர்தான் அதை முடிக்க வேண்டும். ஆட்குறைப்புக்குப் பிறகு நாங்கள் பாதிப் பேராகிவிட்டோம். புகார்களை மட்டும் யாரும் குறைக்கவில்லை. சம்பள உயர்வு கேட்டாலும் சரி, விடுப்புக் கேட்டாலும் சரி, எங்கள் மேலாளருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். "அடுத்த வாரம் பேசலாம்." அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயரே அடுத்தவாரம்.

விடுப்புக்கு அந்த மனிதர் ஒரு விதி வைத்திருந்தார். குழுவின் அரட்டைப் பக்கத்தில் காரணத்தை எழுதிக் கேட்க வேண்டும். கீழே வேறு யாராவது "நான் பாத்துக்கறேன்" என்று எழுத வேண்டும். எழுதினால் அடுத்தவாரம் ஒரு கட்டைவிரல் படத்தைப் போடுவார், விடுப்பு கிடைத்துவிடும். யாரும் எழுதவில்லையென்றால் அடுத்த வாரம் பேச வேண்டியதுதான். ஆள்பலம் இருந்த காலத்தில் அந்தச் சொல்லை ஆளாளுக்குத் தாராளமாக எழுதினோம். விடுப்பில் போகிறவர், எழுதியவரிடம் வந்து, "உங்க முறை வரப்ப உங்க வேலைய நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதுதான் எங்கள் ஊழியர் மரியாதை. இப்போதெல்லாம் அந்தச் சொல்லை எழுத யாருக்கும் கை வருவதில்லை.

கடைசிவரை எழுதியவர் மூலை அக்கா மட்டும்தான்.

கடைசி வரிசையில், தூண் மறைவில் அவருடைய இருக்கை. எங்களில் மூத்தவர். யார் கேட்டாலும் முதல் ஆளாக எழுதிவிடுவார். அவர் கேட்டால் மட்டும் யாரும் எழுத மாட்டோம், ஏனென்றால் அவர் வேலையை ஒற்றை ஆளாகப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் திராணி இல்லை. அவருடைய மகள் வேறு ஊரில், அவருடைய தங்கையிடம் வளர்ந்தாள்.

"போன தடவ போனப்ப என்னை ஆன்ட்டின்னு கூப்பிட்டாடி," என்று ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தார், நெற்றிப்பொட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே. "அம்மான்னு கூப்பிடுறது என் தங்கச்சியை. தப்பு சொல்ல முடியுமா? யார் பாத்துக்கறாங்களோ அவங்கதானே அம்மா."

அப்புறம் ஒரு நாள் அவர் மேசையில் தலை கவிழ்ந்திருந்தார். தலைவலி என்று நாங்கள் தொந்தரவு செய்யவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எழுப்பப் போய்த் தோளைத் தொட்டபோது உடம்பு விறைத்திருந்தது. காலையிலேயே உயிர் போயிருக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

அன்று மதியம் முழுக்க அவரிடமிருந்து புகார்களுக்குப் பதில் போயிருக்கிறது.

ஒரு வாடிக்கையாளர் நன்றிகூட எழுதியிருந்தார்.

ஏதோ தாமதமாகப் போயிருக்கும் என்று கணினிப் பிரிவு சொன்னது. நாங்களும் தலையாட்டினோம். அதன் பிறகு எங்களை அவசர அவசரமாக மேல்மாடிக்கு மாற்றி, இந்தத் தளத்தைப் பூட்டினார்கள். இப்போது வாடகை மிச்சம் என்று பூட்டைத் திறந்திருக்கிறார்கள்.

"அந்த மூலைப் பக்கம் போகாதம்மா," என்று என் காதருகே வந்து சொன்னார் புலம்பல் அண்ணன். எதற்கெடுத்தாலும் புலம்பினாலும் தங்கமான மனிதர். அன்று அக்காவின் தோளைத் தொட்டவர் அவர்தான். "நாற்காலியப் பாரு."

பார்த்தேன். மற்ற நாற்காலிகளின் மெத்தையெல்லாம் தூசியோடு உப்பலாக இருந்தன. தூண் மறைவில் இருந்த நாற்காலியில் தூசி இல்லை. மெத்தை அமுங்கியிருந்தது.

ஆள் உட்கார்ந்திருக்கும்போது அமுங்குவதுபோல.

வேறு வேலைக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு மகள். சிட்டு என்று கூப்பிடுவோம், கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது என்றாலும். பிறவியிலேயே காது கேட்காது. பேச்சும் இல்லை. கன்னத்தில் விரலை வைத்தால் "அம்மா." அது அவளாகவே கண்டுபிடித்த சைகை. அவளுடைய தலைக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. கம்பெனியின் காப்பீட்டில் நடந்த சிகிச்சை. புண் ஆறியதும் காதுக்குப் பின்னால் வெளிக்கருவியை மாட்டி முதன்முதலாக இயக்குவார்கள். அன்றுதான் அவளுக்கு உலகமே கேட்கத் தொடங்கும். அதற்கப்புறமும் பயிற்சி, பரிசோதனை என்று எல்லாமே அந்தக் காப்பீட்டில்தான். இங்கிருந்து நான் எங்கே போவது?

அவள் கேட்கும் முதல் குரல் என்னுடையதாக இருக்க வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

அந்த நாள் குறித்தாகிவிட்டது. அரட்டைப் பக்கத்தில் எழுதினேன். "என் மகளுக்கு முதன்முதலாகக் காது கேட்கப்போகிறது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். விடுப்பு வேண்டும்."

யாரும் எழுதவில்லை. எல்லோரும் படித்திருந்தார்கள் என்பது தெரிந்தது. எதிர் வரிசையில் ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. புலம்பல் அண்ணன் தன் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய திரையில் புகார்கள் மேலும் மேலும் வந்து விழுந்துகொண்டிருந்தன.

அடுத்தவாரத்தின் கண்ணாடி அறைக்குப் போனேன்.

"புரியுதும்மா. எனக்கும் குழந்தைங்க இருக்கு," என்றார், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா உன் வேலையை யாரு பாப்பாங்க? யாராச்சும் எழுதட்டும், நான் உடனே ஓகே பண்றேன். இல்லன்னா அடுத்த வாரம் பேசலாம்."

"நாளைக்கு சார், சிட்டுக்கு நாளைக்கு."

"சொல்லாம போயிடாத. காப்பீடு, அது இதுன்னு எல்லாம் இந்த வேலையிலதான் தொங்குது. பாத்து நடந்துக்க."

இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். கண்ணை மறைத்துக்கொண்டு வந்தது. அழுதால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று விசைப்பலகையையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஏசி இரைச்சல் மெல்லத் தேய்ந்ததுபோல இருந்தது. தைல வாடை கிட்டே வந்தது. என் தோளுக்குப் பின்னால் நின்று யாரோ திரையைப் படிப்பதுபோல பிடரியில் குளிர்ந்தது.

திரும்பவில்லை. திரும்பத் துணிச்சல் வரவில்லை.

திரையில் என் வேண்டுகோளுக்குக் கீழே ஒரு வரி வந்தது.

"நான் பாத்துக்கறேன்."

எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "நீக்கப்பட்ட பயனர்" என்று இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். வேலையை விட்டுப் போனவர்களின் பழைய பதிவுகளில் அப்படித்தான் காட்டும். பழைய பதிவுகளில். புதிதாக எழுதினால் அல்ல.

நான் மூச்சு விடுவதற்குள் அடுத்தவாரம் கட்டைவிரலைப் போட்டுவிட்டார். எழுதியது யார் என்று அவர் எங்கே பார்த்தார்? உயிரோடு இருந்தபோதே பார்க்காதவர்.

புலம்பல் அண்ணன் முகம் வெளுத்துப்போய் என் மேசைக்கு வந்தார்.

"அது யாருன்னு தெரியுதாம்மா?"

"தெரியுதுண்ணா."

"வேணாம். நான் வேணா எழுதறேன். உன்னுதையும் சேத்து எப்படியாச்சும் முடிக்கறேன்."

"ஓகே ஆயிடுச்சேண்ணா. இனி மாத்தச் சொன்னா அதையே சாக்கா வச்சு வேணாம்னுடுவாரு."

"போகாதம்மா," என்றார்.

பயந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாளைத் தவறவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அன்றே செத்தும் வேலை பார்த்தவர்தானே, என் வேலையையும் முடித்துவிடுவார், யாருக்கு என்ன நஷ்டம் என்றுகூட மனசு கணக்குப் போட்டது. கிளம்பும்போது தூண் பக்கமாகப் போனேன். பேசாமல் போயிருக்கலாம். பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

"தேங்க்ஸ்க்கா. உங்க முறை வரப்ப உங்க வேலைய நான் பாத்துக்கறேன்."

புஸ்ஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு.

நாற்காலியின் மெத்தை மெல்ல மெல்ல உப்பி எழுந்தது.

எழுந்து போனவர் எந்தப் பக்கம் போனார் என்று பார்க்க நான் நிற்கவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனையில் எங்களை ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்தார்கள். சுவர், கதவு எல்லாவற்றிலும் பஞ்சு வைத்துத் தைத்த அறை. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் துளிகூட வராது. சிட்டு குட்டி நாற்காலியில். எதிரே கருவியை இயக்கும் பெண். சுவரோரம் மூன்று நாற்காலிகள். ஒன்றில் நான், ஒன்றில் என் கணவர். மூன்றாவது காலி.

"பயந்து அழலாம். அழுதா நல்ல அறிகுறின்னு வச்சுக்கோங்க," என்றார் அந்தப் பெண். "ஆனா பேச்சு உடனே வராது. மாசக்கணக்கா பயிற்சி வேணும். அவசரப்படாதீங்க. ரெடியா? நான் சொன்னதும் நீங்க கூப்பிடுங்க."

கருவியின் சின்ன வட்டத்தைச் சிட்டுவின் தலையில் ஒட்டவைத்தார். காந்தம், தானாகவே பிடித்துக்கொண்டது. என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. பஞ்சு வைத்த அறையில் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

அப்போதுதான் தைல வாடை.

"இப்ப கூப்பிடுங்க," என்றார் அந்தப் பெண்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சிட்டுவின் கண்கள் அகல விரிந்தன. உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. ஏதோ கேட்டுவிட்டது அவளுக்கு.

நான் இன்னும் கூப்பிடவே இல்லை.

"சிட்டு," என்றேன். "சிட்டு, அம்மா இங்க இருக்கேன்டா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தாள். அழவில்லை. மெல்லச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரலைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்தாள்.

என் கணவர் கைதட்டினார். அந்தப் பெண்ணும் கைதட்டினார். என் கை மட்டும் மடியைவிட்டு எழவில்லை.

பைக்குள் கைபேசி துடித்தது. வெளியே வந்து எடுத்தேன். புலம்பல் அண்ணன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"உன் புகார் ஒண்ணுகூட நகரலம்மா. எல்லாம் அப்படியே குவிஞ்சு கெடக்கு. அடுத்தவாரம் எகிறிக் குதிக்கிறாரு."

"அக்கா பாத்துக்கறேன்னாங்களே..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா மூலையில யாரும் இல்லம்மா. காலையிலேர்ந்து அந்த வாடையே இல்ல."

"என்னண்ணா சொல்றீங்க?"

"இங்க இல்ல அவங்க. எங்கயோ போயிட்டாங்க."

கைபேசியிலேயே அரட்டைப் பக்கத்தைத் திறந்து, நான் எழுதியதை மறுபடி படித்தேன். வேலையைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. யாரும் எழுதுவதில்லை. எங்களுக்குள் அது சொல்லாமலே தெரிந்த விஷயம். "என் மகளுக்கு" என்று தொடங்கி, "பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதியிருந்தேன்.

அதற்குத்தான் பதில்.

நான் பாத்துக்கறேன்.

கதவின் சின்னக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தேன். சிட்டு இன்னும் அந்தக் காலி நாற்காலியோடுதான் இருந்தாள். யாரோ பேசுவதைக் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்திருந்தாள்.

அன்று அவளை மடியைவிட்டு இறக்கவில்லை. அவள்தான் இருப்புக்கொள்ளாமல் என் தோளுக்கு மேலாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அடுத்தவாரம் கூப்பிட்டார். ஆளில்லாமல் விடுப்பு எடுத்து ஏமாற்றிவிட்டேனாம். காலையில் வந்து குவிந்ததையெல்லாம் முடிக்கவில்லையென்றால் வேலையும் இல்லை, காப்பீடும் இல்லையாம். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் அடுத்த வாரம் என்று சொல்லவில்லை.

போகாமல் இருந்தால் சிட்டுவின் காதைப் பிடுங்கிக்கொள்வார்கள். போனால் அவளை அந்த வாடையோடு விட்டுவிட்டுப் போக வேண்டும். கணவரிடம் சொன்னேன். "ரொம்ப பயந்து போயிருக்க. ஒரு மணி நேரமாச்சும் தூங்கு. நான்தான் வீட்டுல இருக்கேன்ல," என்றார். யோசித்ததில் எனக்கு ஒரு வழி தோன்றியது. எங்கள் அலுவலகத்தில் விடுப்பு முடிந்து வருகிறவர், பார்த்துக்கொண்டவரிடம் போய் "நான் வந்துட்டேன்" என்று சொல்வார். அதோடு அவர் பொறுப்பு முடிந்தது. அதை அக்காவின் மூலையில் போய்ச் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார் என்று நம்பினேன். அப்படித்தான் என் வாயால் கூப்பிட்டதை என் வாயாலேயே அனுப்பப் போனேன்.

காலையில் நேராகத் தூண் மறைவுக்குப் போனேன்.

"அக்கா, நான் வந்துட்டேன்."

நாற்காலி மெத்தை உப்பலாக இருந்தது. அதன்மேல் மெல்லிசாகத் தூசி படிந்திருந்தது. மோந்து பார்த்தேன். தூசி நெடியைத் தவிர ஒன்றுமில்லை.

கேட்க அங்கே ஆள் இல்லை. அவர் விடுப்பில் இருந்தார். அவருடைய முறை வந்துவிட்டது. வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தானே சொல்லியிருந்தேன்?

அன்று நான் எப்படி வேலை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எவ்வளவு முடித்தாலும் அவ்வளவு வந்து விழுந்தது. வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். "நல்லாத்தான் இருக்கா, நீ வேலையப் பாரு," என்று கணவர் ஒவ்வொரு முறையும் சிரித்தார். மதியத்துக்கு மேல் அவரே கூப்பிட்டார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"ஏய், சிட்டு பேசிட்டா!"

என் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

"மாசக்கணக்கா ஆகும்னாங்களே."

"அதான் அதிசயம்! அம்மான்னா. அவ்வளவு தெளிவா. ரெண்டு தடவ சொல்லிட்டா."

"யாரைப் பாத்துங்க சொன்னா?"

"யாரைப் பாத்துன்னா? சும்மா, கட்டில் பக்கத்துல நாற்காலி இருக்குல்ல, அந்தப் பக்கமா..." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "தூங்க வைக்கலாம்னு மெஷினைக் கழட்டினேன். கழட்டினதுக்கு அப்புறம்தான் சொன்னா. யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி..."

மெஷினைக் கழற்றினால் அவளுக்கு எதுவும் கேட்காது. இடி விழுந்தாலும் கேட்காது.

அவருக்கும் அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"ஏம்மா," என்றார் மெதுவாக. "நீ அவ நெத்தியில தைலம் ஏதாச்சும் தேச்சு விட்டியா?"

"அவளைத் தூக்கிட்டு வெளிய வாங்க," என்று கத்தினேன். தளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இப்பவே! தூக்கிட்டு வெளிய வாங்க!"

"வர மாட்டேங்கறாம்மா. நாற்காலியை இறுக்கிப் புடிச்சிட்டு..."

இணைப்பு அறுந்தது.

பையை எடுக்கக்கூட மறந்து எழுந்தேன். எழுந்த வேகத்தில் ஒன்று தோன்றியது. மூலையில் சொன்னால்தான் அக்காவுக்குக் கேட்காது. எழுதினால் படிப்பார். அன்று என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தவர்தானே. நின்றவாக்கிலேயே, எழுத்துப்பிழையெல்லாம் பார்க்காமல், என் வேண்டுகோளுக்குக் கீழே அடித்தேன்.

"அக்கா நான் வந்துட்டேன். என் மகளை இனிமே நானே பாத்துக்கறேன். தயவுசெஞ்சு விட்டுடுங்க."

ஏசி இரைச்சல் தேய்ந்தது. எதிர் வரிசையில் புலம்பல் அண்ணன் தன் திரையைப் பார்த்தபடி வாயைப் பொத்திக்கொண்டார்.

சாம்பல் வட்டத்துக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகள் துள்ளத் தொடங்கின. நீக்கப்பட்ட பயனர் எழுதிக்கொண்டிருக்கிறார். நின்றன. மறுபடி துள்ளின.

பிறகு வந்தது.

"நீ உன் வேலையப் பாருடி."

அதற்குக் கீழே, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்தவாரம் கட்டைவிரலைப் போட்டார்.